நீதிபதி இராஜமன்னார் சரித்திரமும் நம் மலைநாட்டு வழக்கும்

ஜவ்வாது மலைமேல் வாழும் நம்மவருள் ஒருவர், தம் ஊருக்குப் பாதை வேண்டியோ, மின்சாரம் வேண்டியோ, மகனுக்குச் சாதிச் சான்று வேண்டியோ மனுச் செய்யப் புகுவாராயின், அம்மனுவை எவ்விடத்திற் கொடுப்பது என்பதே முதற்கண் தோன்றும் இடராகும். தாலுகா கச்சேரியார் வன இலாகாவைக் காட்டுவர். வன இலாகாவினர் சென்னையைக் காட்டுவர். சென்னையிலுள்ளார் தில்லியைக் காட்டுவர். இஃது எக்காலும் உத்தியோகஸ்தருடைய சோம்பலால் மட்டும் விளைவதன்று. நம் நாட்டு அரசியல் அமைப்புச் சட்டமானது அதிகாரங்களைக் கூறுபடுத்திச் சிலவற்றை மத்திய அரசாங்கத்தினிடத்தும், சிலவற்றை மாநில அரசாங்கத்தினிடத்தும், சிலவற்றை இருவரிடத்தும் வைத்திருத்தலால், நம் அலைச்சலிற் பெரும்பகுதி அப்பிரிவினையால் நேர்வதாம். அப்பிரிவினையை நீதிமன்றத்திலிருந்தும், பொக்கிஷத்தின் பக்கத்திலிருந்தும் நிறுத்துப் பார்த்த சான்றோர் ஒருவர் சென்னை மாநகரில் வாழ்ந்திருந்தார். அவர் நீதிபதி பி. வி. இராஜமன்னார் ஆவர். அவர் நம் குலத்தவரல்லர். ஆயினும் அவர் ஆராய்ந்த பொருள் நம் வாயிற்படி வரையில் வந்து நிற்றலால், அவருடைய சரித்திரத்தைச் சுருக்கமாக எழுதப் புகுந்தோம்.

இராஜமன்னார் 1901-ம் ஆண்டு மே மாதத்தில், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் வேங்கடரமண ராவ் அவர்கள் வக்கீலாயிருந்து, பின்னர்ச் சென்னை ஹைகோர்ட்டு நீதிபதியாக விளங்கியவர். தந்தை சென்ற வழியே மைந்தரும் சென்றார். ஆயினும் சட்டப் புத்தகம் ஒன்றே அவர் உள்ளத்தை நிறைக்கவில்லை. தெலுங்கில் நாடகங்கள் இயற்றினார். அவற்றுள் தப்பெவரிதி என்பது பெயர் பெற்றது. குற்றம் யாருடையது என்பது அத்தலைப்பின் பொருள். அந்நாடகம் குடும்ப வாழ்வைப் பற்றியதே. எனினும், ஒரு காரியம் கெட்டவிடத்து மத்திய அரசாங்கத்தார் மாநிலத்தாரையும் மாநிலத்தார் மத்திய அரசாங்கத்தாரையும் சுட்டுகின்ற வழக்கைப் பிற்காலத்தில் விசாரிக்க இருந்தவர், இளமையில் இப்பெயரிட்டு நாடகம் எழுதினார் என்பது எமக்கு வியப்பாகவே தோன்றுகின்றது.

அவர் வக்கீல் தொழில் பயின்ற காலம், அதிகாரப் பிரிவினை இந்நாட்டில் புதிதாக முளைத்த காலமாகும். 1919-ம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாண அரசாங்கத்தையே இரண்டாகப் பிளந்து, கல்வி, சுகாதாரம் போன்றவற்றை மந்திரிகளிடத்தும், போலீஸ், நிலவரி, பொக்கிஷம் போன்றவற்றைக் கவர்னருடைய நிர்வாக சபையாரிடத்தும் விட்டனர். இதனை இரட்டையாட்சி என்பர். சென்னை மாகாணத்தில் காடுகள் மந்திரிகள் கைக்கு வரவில்லை. கவர்னர் பக்கத்திலேயே நின்றன. மந்திரிக்குப் பள்ளிக்கூடம், அதற்குக் கூரை போடும் பணமோ மற்றவரிடத்து. இவ்வேற்பாடு எவ்வாறு நடந்திருக்கும் என்பதனை நம் வாசகர்கள் தாமே எண்ணிக்கொள்ளலாம். பின்னர் 1935-ம் ஆண்டுச் சட்டம் மூன்று பட்டியல்களை வகுத்தது. அவ்வகுப்பையே பெரிதும் பின்பற்றி, 1950-ம் ஆண்டு ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் அமைப்புச் சட்டமும் தன் ஏழாம் அட்டவணையில் மூன்று பட்டியல்களை அமைத்தது. மத்தியப் பட்டியலில் 97 இனங்கள். மாநிலப் பட்டியலில் 66. இருவர்க்கும் பொதுவான பட்டியலில் 47. இம்மூன்றிலும் அடங்காது எஞ்சிய அதிகாரம் யாவும் மத்திய அரசாங்கத்தையே சாரும்.

எம் போன்ற தமிழாசிரியர்க்கு இதனை எழுத்திலக்கணத்தால் விளக்குதல் எளிது. உயிர் தனித்து இயங்கும். மெய் தனக்குரிய ஒலியோடு நிற்கும். இரண்டும் கூடிய உயிர்மெய்யிலோ, வடிவு மெய்யினுடையது போற் காணப்படினும் மாத்திரை உயிரினுடையதேயாம். பொதுப் பட்டியலின் தன்மையும் அத்தகையதே. அதிலுள்ள பொருளைப் பற்றி இரு சபையாரும் சட்டம் இயற்றலாம். இரண்டும் முரணுமிடத்துப் பார்லிமெண்டின் சட்டமே நிற்கும். ராஷ்டிரபதியின் இசைவு பெற்ற மாநிலச் சட்டமாயின் அம்மாநிலத்தளவில் அது நிலைக்கும். ஆகையால், ஒரு பொருள் மாநிலப் பட்டியலினின்று பொதுப் பட்டியலுக்குப் பெயர்தல் சிறிய மாற்றமன்று. இதனை நம் அன்பர்கள் மனத்தில் இருத்துக. காடுகளைப் பற்றிப் பேசுமிடத்து இது மீண்டும் வேண்டப்படும்.

இராஜமன்னார் 1945-ல் ஹைகோர்ட்டு நீதிபதியாகி, 1948-ல் பிரதம நீதிபதியாக உயர்ந்தார். நாடு விடுதலையடைந்த பின்னர் அப்பீடத்தில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1961 வரையில் 13 ஆண்டுகள் அப்பீடத்தை அலங்கரித்தார். புதிய அரசியல் அமைப்பு நடைமுறைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் ஒரு பெரிய வழக்கு அவர் முன் வந்தது. சென்னை மாகாணத்து வைத்திய, எஞ்சினீயரிங் கல்லூரிகளில் மாணவரைச் சேர்த்தற்கு வகுப்புவாரி உத்தரவு ஒன்று நடந்து வந்தது. அதன்படி 14 இடங்கள் இருப்பின், பிராமணரல்லாத ஹிந்துக்களுக்கு 6, பிற்பட்ட ஹிந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, கிறிஸ்தவர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பகிர்ந்தனர். செண்பகம் துரைராஜன் என்னும் அம்மையார் இதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், இராஜமன்னாரும் மற்றை இரு நீதிபதிகளும் கூடி விசாரித்து, 1950-ம் ஆண்டு ஜூலை மாதத்தில், அவ்வுத்தரவு அரசியல் அமைப்புக்கு முரணென்று தீர்த்தனர். சுப்ரீம் கோர்ட்டும் 1951 ஏப்ரலில் அதனை உறுதி செய்தது.

இத்தீர்ப்பால் தென்னாடு கொந்தளித்தது. தீர்ப்பை வெறுத்தவர் பலர். அத்தீர்ப்பின் பயன் நம்மனோர்க்கு நன்றா தீதா என்பதில் எம் சங்கத்தாருள்ளும் இரு கருத்துண்டு. ஒன்று மட்டும் யாம் குறிப்போம். அப்பதினான்கு இடங்களின் கணக்கில், மலைவாழ் மக்களுக்கென ஓர் இடமும் தனித்து எழுதப்பட்டிருக்கவில்லை. கிளர்ச்சியின் பின்னர், 1951 ஜூன் மாதத்தில், அரசியல் அமைப்பின் முதல் திருத்தம் பிறந்து, 15-ம் விதியில் ஒரு புதிய உட்பிரிவு சேர்க்கப்பட்டது. பிற்பட்ட வகுப்பாருடன் பட்டியற் சாதியார், பழங்குடியார் ஆகியோரையும் பெயர் கூறிக் காக்கும் உட்பிரிவு அது. இன்று நம் பிள்ளைகள் கல்லூரியிற் பெறும் இடம் அவ்வேரினின்று வந்ததே. சென்னை அரசாங்கத்தின் உத்தரவு சென்னைக் கோர்ட்டிலே வீழ, அதனை மீட்கும் வல்லமை சென்னைச் சட்டசபைக்கு இல்லாமற் போயிற்று. தில்லிப் பார்லிமெண்டே முன்வர வேண்டியதாயிற்று.

1957-ம் ஆண்டின் இறுதியில், கவர்னர் ஏ. ஜே. ஜான் பதவியிலிருக்கையிலேயே காலமாகவே, இராஜமன்னார் 1958 ஜனவரி வரையில் தற்காலக் கவர்னராகவும் இருந்தார். மத்திய சங்கீத நாடக அகாடமியின் முதல் தலைவரும் இவரே. இவற்றை விரித்தெழுத இடமில்லை.

1964-ல் இந்திய அரசாங்கத்தார் இவரை நான்காம் நிதிக் கமிஷனுக்குத் தலைவராக்கினர். இவருடைய சரித்திரத்தில் யாம் சிறப்பாகக் கருதும் பகுதி இதுவே. பிரிவினையின் மெய்யான நிலை பட்டியலிலில்லை, பணப்பெட்டியிலிருக்கின்றது என்பதனை அவர் நேரிற் கண்டது இப்பொழுதுதான். ஒரு வீட்டில் அண்ணன் தம்பியர் பாகம் பிரித்துக்கொண்டனர் எனக் கொள்வோம். சாமைக் குதிர் அண்ணன் பங்காயிற்று. பிள்ளைகளைப் படிப்பித்தல், நோய்க்கு மருந்து தேடல், வழியைச் செப்பனிடல் ஆகியவை தம்பி பங்காயின. தம்பி சுதந்தரன்தான், ஆனால் மாலைதோறும் அண்ணன் வாயிலில் மரக்காலோடு நிற்க வேண்டியவன். வருமான வரி, சுங்க வரி, கம்பெனி வரி முதலிய வளரும் வரிகள் மத்திய அரசாங்கத்தின் கையிலும், கல்வி, சுகாதாரம், போலீஸ், விவசாயம் முதலிய வளரும் செலவுகள் மாநிலத்தார் தலையிலும் அமைந்த நிலை இத்தகையதே.

இதனை அறிந்தே, ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதிக் கமிஷன் அமைத்து, குதிரிலிருந்து தம்பிக்கு இத்தனை மரக்கால் என்று அளந்து கொடுக்கும்படி அரசியல் அமைப்பு விதித்தது. இராஜமன்னார் தலைமையில் அமைந்த கமிஷன், வருமான வரியில் மாநிலங்களின் பங்கை மூன்றில் இரண்டு பாகத்திலிருந்து 100-க்கு 75 ஆக உயர்த்தியது. ஆயின், அளக்கும்பொழுதே வேறொரு வாயில் வழியாகவும் பணம் செல்லுதலை அவர் கண்டார். 1950 மார்ச்சில் அமைந்த திட்டக் கமிஷனுக்கு அரசியல் அமைப்பில் இடமில்லை. பார்லிமெண்டு இயற்றிய சட்டமும் இல்லை. மந்திரி சபையின் ஒரு தீர்மானமே அதற்கு ஆதாரம். அக்கமிஷனின் சொற்படி, 282-ம் விதியின் கீழ், திட்டச் செலவுக்கென்று பெருந்தொகைகள் மாநிலங்களுக்குச் சென்றன. சட்டப்படி அமைந்த கமிஷன் மரக்காலால் அளக்க, சட்டமின்றி அமைந்த கமிஷன் கையால் வாரிக் கொடுத்தது. வாரிக் கொடுக்கும் கை நிபந்தனையும் விதிக்கும். இன்ன பணிக்கே செலவிடுக, உன் பங்காக இத்தனை போடுக என்று கூறும். ஆக, பட்டியலில் மாநிலத்துக்கே உரிய விவசாயமும் கல்வியும் பணத்தின் வழியே தில்லியின் கட்டளைக்கு உட்பட்டன. 1965-ல் அளித்த அறிக்கையில், இவ்விரு கமிஷன்களின் எல்லை மயங்கிக் கிடத்தலைத் தலைவராகிய இராஜமன்னார் தனிக் குறிப்பொன்றினாலேயே எடுத்துக் காட்டினார். கட்சி மேடையேறிப் பேசியவரல்லர். கணக்குப் புத்தகத்தைப் புரட்டியவர். அதனாலேயே அவர் சொல்லுக்கு எடை மிகுதி என்போம்.

1967-ல் அண்ணாதுரை அவர்கள் முதன் மந்திரியானார். மாநிலங்களுக்கு உரிமை மிகுதல் வேண்டும் என்னும் கோரிக்கை அப்பொழுது வலிமை பெற்றது. அவர் 1969 பிப்ரவரியிற் காலமானார். அவர்க்குப் பின் வந்த மு. கருணாநிதி அவர்களின் அரசாங்கம் அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு குழுவை நியமித்து, மத்திய அரசாங்கத்துக்கும் மாநிலங்களுக்கும் உள்ள தொடர்பை முற்றும் ஆராயுமாறு பணித்தது. தலைவர் இராஜமன்னார், உறுப்பினர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும், முன்னாள் பிரதம நீதிபதி பி. சந்திர ரெட்டியும். மூவரும் அரசியற் கட்சியைச் சார்ந்து வாழ்ந்தவரல்லர். அறிக்கை 1971 மே மாதத்தில் வெளியாயிற்று.

அதன் சாரம் வருமாறு கொள்ளலாம். பிரதம மந்திரியைத் தலைவராகவும் முதன் மந்திரிகளை உறுப்பினராகவும் கொண்ட மாநிலங்களிடைக் கவுன்சிலை உடனே அமைக்க வேண்டும். மாநிலங்களைத் தொடும் மசோதாக்களை அதன் கருத்தறியாது கொண்டுவரலாகாது. எஞ்சிய அதிகாரம் மாநிலங்களுக்கு உரியதாதல் வேண்டும். மாநில மந்திரிசபையைக் கலைத்து ராஷ்டிரபதி ஆட்சி நாட்டும் 356-ம் விதியை நீக்க வேண்டும். கவர்னரை நியமிக்குங்கால் மாநில மந்திரிசபையைக் கலந்துகொள்ள வேண்டும். தாமே அப்பீடத்தில் நான்கு மாதம் இருந்தவர் கூறியது இது. நிதிக் கமிஷனை நிலையானதாக்குக; கம்பெனி வரியையும் சுங்க வரியையும் பங்கிடுக; திட்டக் கமிஷனைச் சட்டத்தின் மேல் நிறுத்துக. அகில இந்திய உத்தியோக வகுப்புக்களையும் ஒழிக்கலாம் என்றது குழு. கடைசியிற் கூறிய இதனை யாம் ஏற்கவில்லை. வேற்று நாட்டிலிருந்து வந்த கலெக்டர் ஒருவர்க்கு உள்ளூர்ப் பெரும்புள்ளிகளின் உறவு இராது. அது சிறு குடியினர்க்குச் சில வேளைகளில் நன்மையாகவே முடியும்.

அஃதன்றியும், அதிகாரம் சென்னைக்கு வந்துவிடின் மலைக்கும் வந்துவிட்டது என்று நம்மவர் கருதுதல் பொருந்தாது. பழங்குடிப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். 342-ம் விதியின்படி அப்பட்டியலை முதலில் ராஷ்டிரபதி வெளியிட, 1950 செப்டம்பரில் வெளியான அதனைப் பின்னர் மாற்றும் அதிகாரம் பார்லிமெண்டு ஒன்றுக்கே உண்டு. 1976-ம் ஆண்டுச் சட்டத்தில் மலையாளி என்னும் பெயர் வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், தருமபுரி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய ஜில்லாக்களுக்கு மட்டும் உரியதாக எழுதப்பட்டது. ஜவ்வாது மலை அந்நாளில் வட ஆற்காட்டிலிருந்தமையால் நாம் உள்ளே நின்றோம். இன்று ஈரோடு ஜில்லாவிலுள்ள பர்கூர், கடம்பூர் மலைகள் அப்பொழுது கோயம்புத்தூர் ஜில்லாவைச் சார்ந்தவையாதலின், அங்குள்ள நம் உறவினர் வெளியே நின்றனர். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் முறையில் ஒன்றாயினும், சான்றிதழில் வேறாயினர். சென்னைச் சட்டசபை ஒருமுகமாகத் தீர்மானித்தாலும் அவ்வரியில் ஒரு சொல்லைச் சேர்க்க இயலாது, பரிந்துரைக்கவே இயலும். நரிக்குறவர் அப்பட்டியலிற் சேர்ந்தது 2023-ல் நடப்புக்கு வந்த பார்லிமெண்டுச் சட்டத்தாலேயே. இவ்வதிகாரம் மாநிலத்தார் கையில் இருந்திருப்பின், ஈரோட்டு உறவினர்க்கு விரைவில் நீதி கிடைத்திருக்கலாம். ஆனால் தொகையாற் பெரிய வகுப்பார் தேர்தற்காலந்தோறும் அப்பட்டியலில் நுழைய முயன்று, நம் பங்கு சுருங்கியும் போயிருக்கலாம். இரண்டையும் எண்ணிப் பார்த்தே கருத்துக் கூறல் தகும்.

மீண்டும் சரித்திரத்துக்கு வருவோம். 1974 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபை, குழுவின் அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. மத்திய அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. ஏற்காமை மட்டுமன்று, காரியங்கள் நேர் எதிராகவே நடந்தன. 1976 ஜனவரி 31-ல், நீக்கத்தக்கதென்று அவர் கூறிய அதே 356-ம் விதியின்படி, அவரை நியமித்த மந்திரிசபை கலைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே, நெருக்கடி நிலைக் காலத்தில், 42-வது திருத்தம் நிறைவேறிற்று. அதனால் கல்வியும், காடுகளும், வனவிலங்குப் பாதுகாப்பும் மாநிலப் பட்டியலினின்று பொதுப் பட்டியலுக்குப் பெயர்ந்தன. மெய்யாயிருந்தது உயிர்மெய்யாயிற்று. பொதுப் பட்டியலைக் குறைக்க வேண்டும் என்று கூறிய முதியவர், தம் 75-ம் வயதில் அது நீளக் கண்டார். 1979-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவர் உலக வாழ்வை நீத்தார்.

மறு ஆண்டு அக்டோபரிலேயே, அத்திருத்தம் திறந்த வழியில், வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒதுக்கப்பட்ட காட்டினை வேறு பயனுக்குத் தருதற்கு மாநில அரசாங்கமும் மத்திய அரசாங்கத்தின் முன் அனுமதி பெறுதல் வேண்டும் என்பது அதன் கட்டளை. காட்டைக் காத்தற்கு அச்சட்டம் பெரிதும் உதவியது என்பதை மறுப்பாரில்லை. சந்தன மரம் களவு போன கதையை அறிந்த நாம் மறுத்தல் தகாது. ஆயினும், ஒரு குக்கிராமத்துக்கு மூன்று பர்லாங்கு பாதை போட வேண்டினும் காகிதம் நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டியதாயிற்று. பிரசவ வேதனையிலிருந்தவரைத் தூளி கட்டித் தூக்கிச் சென்ற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அக்காகிதத்தின் தாமதம் எத்தகையது என்பதனை அவர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, அவர் விதைத்தவை சில, அவர் மறைந்த பின் முளைத்தன என்பதனையும் மறைத்தல் நேர்மையன்று. 1983-ல் அமைந்த சர்க்காரியா கமிஷன் இதே பொருளை மீண்டும் ஆராய்ந்தது. 1990-ல் மாநிலங்களிடைக் கவுன்சில் ஏற்பட்டது. அடிக்கடி கூடாமை அதன் குறை. 1994-ல் பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 356-ம் விதிக்குக் கடிவாளமிட்டது. 2000-ல் வந்த 80-வது திருத்தத்தால், கம்பெனி வரியும் சுங்க வரியும் உட்பட மத்திய வரிகள் யாவும் பங்கிடத்தக்கனவாயின. ஆனால் செஸ், சர்சார்ஜ் என்னும் பெயரால் வாங்குவன பங்கில் வாரா. திட்டக் கமிஷன் 2015-ல் மறைந்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசாங்கம் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மீண்டும் ஒரு குழுவை இப்பொருள் பற்றி நியமித்தது.

நம் மலைக்கு உடனே பயன்படும் ஒன்றைக் கூறி நிறுத்துவோம். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3-ம் பிரிவில் இரண்டாம் உட்பிரிவு ஒன்றுண்டு. பள்ளிக்கூடம், வைத்தியசாலை, அங்கன்வாடி, நியாய விலைக் கடை, மின் கம்பி, குடிநீர்க் குழாய், பாதை முதலிய 13 வகைப் பொது வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குட்பட்ட காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டும்படியாயின், 1980-ம் ஆண்டுச் சட்டத்தின்படி தில்லிக்குப் போகாமலே விடலாம் என்பது அது. அதற்கு முதல் வேண்டற்பாடு கிராம சபையின் பரிந்துரை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிற் கூடும் கிராம சபைகளில் நம் சங்கத்தார் தவறாது இருந்து, வேண்டும் வசதியையும், இடத்தையும், நிலத்தின் அளவையும், மரங்களின் தொகையையும் குறித்துத் தீர்மானம் எழுதுவித்து, அதன் நகலைக் கையெழுத்துடன் வாங்கி வைத்துக்கொள்க. மனுவின் மாதிரி ஒன்றினை அடுத்த இதழில் வெளியிடுவோம்.